கேட்பவரும் அனுமதிப்பவரும் சரிபார்ப்பவரும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், இணையவழிப் பண மோசடியில் சிக்கிய களக்காட்டு வாசகர் ஒருவருக்கு எழுதிய பதிலில், மோசடிக்காரரின் அழைப்பு விவரங்களைக் காவல்துறை தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுப் பெறும் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. மோசடிக்காரரின் விவரத்தைப் பெற முடியுமென்றால் எங்கள் விவரத்தையும் பெற முடியுமே, அதற்கு யார் அனுமதி தர வேண்டும், தந்த அனுமதி சரிதானா என்று யார் பார்ப்பார்கள் எனப் பல ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பட்டா மாற்றம், பாகப்பிரிவினை பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இம்முறை இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டுமே குறிப்பிட்டிருக்கிறேன்.

வக்கீல் ஐயா, நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறேன். என் போனில் நான் பேசுவதைப் போலீஸ் கேட்க முடியுமா? யாரிடம் பேசினேன் என்று கம்பெனியிடம் கேட்டால் கொடுத்துவிடுவார்களா?
*(வாசகி, மேலப்பாளையம்)*

அம்மா, நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சட்டமும் அவற்றை இரண்டாகத்தான் பார்க்கிறது.

நீங்கள் பேசும் பேச்சை ஒட்டுக்கேட்பது ஒன்று. அதற்கு உள்துறைச் செயலாளர் அளவிலான உத்தரவு வேண்டும். நீங்கள் யாருடன், எப்போது, எவ்வளவு நேரம், எந்த இடத்திலிருந்து பேசினீர்கள் என்ற விவரத்தைப் பெறுவது மற்றொன்று. நீதிமன்ற வட்டாரத்தில் எல்லோரும் சிடிஆர் என்று சொல்லும் அழைப்பு விவரப் பட்டியல் அதுதான். அதைப் பெற உள்துறைச் செயலாளரும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம். புலனாய்வுக்குத் தேவையான ஆவணத்தைக் கேட்டுப் பெற, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு காவல் நிலைய அதிகாரிக்கே அதிகாரம் அளிக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 91ஆம் பிரிவாக இருந்தது. 2013இல், அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்பு விவரங்கள் முறையின்றி எடுக்கப்பட்டது தெரியவந்து பெரும் சர்ச்சையானது. அதன் பிறகு, எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி மூலமாகவே இத்தகைய கோரிக்கை நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. நம் மாவட்டத்தில் எஸ்.பி., மாநகர எல்லைக்குள் துணை ஆணையர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிர்வாக உத்தரவால் வந்த கட்டுப்பாடே தவிர, நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கும் என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். குறுக்குவாட்டில் அச்சடித்த நீண்ட தாளில், ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு வரிசை இருக்கும். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, தொடங்கிய நேரம், பேசிய விநாடிகள், அழைப்பு தொடங்கியபோது போன் பிடித்திருந்த டவர், முடிந்தபோது பிடித்திருந்த டவர், கைப்பேசிக் கருவியின் ஐஎம்இஐ எண், சிம் அட்டையின் எண் எனக் கட்டங்கள் அடுக்கடுக்காக நிற்கும். பேச்சில் ஒரு சொல்லும் அதில் இராது. ஆனாலும், ஒரு பெண் காலை 6 மணிக்கு ஐகிரவுண்ட் மருத்துவமனை டவரில் இருந்தாள், 9 மணிக்கு ஒரு வக்கீலிடம் 11 நிமிடம் பேசினாள், இரவு 10 மணிக்குத் தன் தாயை மூன்று முறை அழைத்தாள் என்று தெரிந்துவிட்டால், அவள் வாயைத் திறந்து சொல்வதற்கு இன்னும் என்ன மிச்சமிருக்கிறது? தொலைபேசி நிறுவனங்கள் இந்த விவரங்களை ஓராண்டு வைத்திருந்தால் போதும் என்றிருந்த உரிம நிபந்தனை, 2021 டிசம்பரில் இரண்டாண்டாக நீட்டப்பட்டது. ஆகவே, இன்று உங்கள் கையில் உள்ள போனின் இரண்டாண்டு வரலாறு ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது.

தபால்துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் கடிதத்தைப் பிரிப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தந்தார்கள். போனுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லையா?
*(வாசகர், அம்பாசமுத்திரம்)*

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் நினைவூட்டுகிறேன். தபால்காரர் பிரிக்கக்கூடாத கடிதத்தை அரசு பிரிக்கலாம் என்பதற்கும் சட்டத்தில் இடம் இருந்தது. 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தில் 26ஆம் பிரிவு அது. 2023இல் புதிய அஞ்சல் சட்டம் வந்தபோது 9ஆம் பிரிவாக அந்த அதிகாரம் தொடர்ந்தது. தந்திக்கும் தொலைபேசிக்கும் 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் 5(2) பிரிவு இருந்தது. பொது அவசர நிலை ஏற்பட்டாலோ, பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலோ அரசு செய்தியை இடைமறிக்கலாம் என்று அது சொன்னது. வ.உ.சி. கைதாகி, 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலி கொந்தளித்தபோது நடைமுறையில் இருந்த சட்டம் அது. 2013 ஜூலையில் நாட்டில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டுவிட்டது. தந்திச் சட்டத்தின் அந்த அதிகாரமோ அதன் பிறகும் ஏறத்தாழ 11 ஆண்டுகள் நம் கைப்பேசிகளை ஆண்டது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 20(2) பிரிவில் இப்போது அதே சொற்கள் பெரும்பாலும் அப்படியே அமர்ந்திருக்கின்றன.

1885 முதல் 1996 வரை இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதற்கு ஒழுங்கான நடைமுறை விதியே இல்லை என்பதை உங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே உள்துறைச் செயலாளரின் உத்தரவு, கால வரம்பு, மறுஆய்வுக் குழு ஆகியவை வந்தன. பின்னர்த் தந்தி விதிகளில் 419ஏ என்ற விதியாக அவை சேர்ந்தன. ஓர் உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளுக்கு மேல் போகக்கூடாது. 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளும் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. நீதிபதியின் முன் அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையும் அந்த 1996 வழக்கில் வைக்கப்பட்டது. சட்டத்தில் அப்படி இல்லாதபோது தாங்கள் அதைப் புகுத்த முடியாது என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. சட்டம் இயற்றுபவர்கள் அதைச் செய்வார்கள் என்ற எதிர்பார்ப்பு இன்னும் நிறைவேறவில்லை.

மறுஆய்வுக் குழு இருக்கிறது என்கிறீர்கள். தலைமைச் செயலாளரே அதற்குத் தலைவர் என்று படித்தேன். அதைவிட உயர்ந்த கண்காணிப்பு வேறென்ன வேண்டும்?
*(கல்லூரிப் பேராசிரியர், பாளையங்கோட்டை)*

உயரம் இருக்கிறது ஐயா, விலகல் இல்லை. கண்காணிப்புக்கு உயரத்தைவிட விலகல்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மத்தியில் அமைச்சரவைச் செயலாளர் தலைவர், சட்டத் துறைச் செயலாளரும் தொலைத்தொடர்புச் செயலாளரும் உறுப்பினர்கள். மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைவர், சட்டச் செயலாளரும் உள்துறை அல்லாத வேறொரு துறையின் செயலாளரும் உறுப்பினர்கள். கோரிக்கை வைக்கும் காவல்துறை உள்துறையின் கீழ் வருகிறது. அனுமதிப்பவர் உள்துறைச் செயலாளர். அந்த அனுமதியைச் சரிபார்ப்பவர்கள் அவருடைய சக அதிகாரிகள். கோப்பு சென்னைக் கோட்டை வளாகத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. நீதிபதி இல்லை, சட்டமன்ற உறுப்பினர் இல்லை, எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் இல்லை, உங்களைப் போன்ற ஓர் ஆசிரியரும் இல்லை. அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவர்களையும் இந்த ஏற்பாடு நெருக்கடியில் நிறுத்துகிறது என்பதே என் வாதம். நம் ஊர்ப்பக்கம் கூட்டுறவுக் கடன் சங்கம் இல்லாத பிர்க்கா இல்லை. நகைக்கடன் ஏட்டை எழுதும் செயலாளர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், அந்த ஏட்டைத் தணிக்கை செய்ய வெளியிலிருந்து ஒருவர் வந்தே தீர வேண்டும், அதற்கென்று தனித் தணிக்கைத் துறையே இருக்கிறது. செயலாளரின் பக்கத்து மேசைக்காரர் கையெழுத்திட்டால் போதும் என்று எந்த உறுப்பினரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அடகு வைத்த நகைக்கு உள்ள காவல், அந்தரங்கமான பேச்சுக்கு வேண்டாமா?

அடுத்து, வேலைச் சுமையைப் பார்க்க வேண்டும். தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு அடித்தளமிட அமைக்கப்பட்ட நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அளித்த அறிக்கையில் இதைத் தொட்டிருக்கிறது. மத்திய அரசு மட்டும் மாதந்தோறும் 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் பிறப்பிப்பதாகத் தகவல் அறியும் உரிமை மனு ஒன்றுக்குக் கிடைத்த பதிலிலிருந்து தெரியவந்திருந்தது. மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டிய, நடைமுறைக்கு ஒவ்வாத பொறுப்பு அதன் தலையில் விழுகிறது என்று ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியது. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாட்டின் மிக உயர்ந்த மூன்று செயலாளர்கள் வேறு எந்த வேலையும் இல்லாமல் ஒரு நாள் முழுக்க, 8 மணி நேரம் அமர்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு 2 விநாடிகூடக் கிடைக்காது. விண்ணப்பத்தில் உள்ள பெயரை வாசித்து முடிக்கவே அதற்கு மேல் ஆகும்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு நம் உயர் நீதிமன்றத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. வருமான வரித்துறை அதிகாரிக்கு இலஞ்சம் தந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கொன்றில், சென்னை நிறுவன நிர்வாகி ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011இல் பிறப்பித்த உத்தரவை, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலையில் ரத்து செய்தார். பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ அங்கே இல்லை, ஒட்டுக்கேட்டவற்றை உரிய காலத்துக்குள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை என்பவை அவர் சொன்ன காரணங்கள். தில்லி உயர் நீதிமன்றம் அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், பெருந்தொகை ஊழல் பொதுப் பாதுகாப்பையும் பாதிக்கும் என்று வேறு விதமாகத் தீர்ப்பளித்திருந்தது. எது சரி என்பது உச்ச நீதிமன்றத்தில் ஒரு நாள் தெளிவாகும். எனக்கு அதைவிட உறுத்துவது காலக்கணக்கு. 2011இல் நடந்த தவறு 2025இல் சரி செய்யப்பட்டது. அதுவும், குற்றச்சாட்டுக்கு ஆளானதால் மட்டுமே அந்த நிர்வாகிக்கு விஷயம் தெரியவந்தது, வழக்கறிஞர் வைத்து வாதிட வசதியும் இருந்தது. வழக்கே பதிவாகாமல் ஒட்டுக்கேட்கப்பட்டவர் எந்த நீதிமன்றத்தின் படியேறுவார்?

இவ்வளவும் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கான ஏற்பாடு என்பதை மறந்துவிடாதீர்கள். மேலப்பாளையம் வாசகிக்கு எழுதிய அழைப்பு விவரப் பட்டியலுக்கு இந்த மறுஆய்வுக் குழுகூடக் கிடையாது.

இதில் இன்னொரு முரண்பாட்டையும் சொல்லியாக வேண்டும். ஆதார் தகவலை வெளியிட இன்று உயர் நீதிமன்ற நீதிபதியின் உத்தரவு வேண்டும். தேசியப் பாதுகாப்பு என்ற பெயரில் இணைச் செயலாளர் ஒருவரே அதை வெளியிட அனுமதிக்கலாம் என்றிருந்த பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று சொன்னது. அதைவிட உயர்ந்த அதிகாரி ஒருவரும் அவருடன் ஒரு நீதிபதியும், முடிந்தால் பணியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியும், சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு வந்த திருத்தத்தில், தேசியப் பாதுகாப்புக்கான பிரிவில் அதிகாரியின் பதவி மட்டும் செயலாளர் என்று உயர்ந்தது, நீதிபதி வரவில்லை. ஆனாலும் நீதிபதி சேர வேண்டும் என்ற கருத்து எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்ததன்று, நம் உச்ச நீதிமன்றமே சொன்னது என்பதற்காக இதை எழுதினேன்.

காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஒரு பிள்ளை காணாமல் போனால் முதல் இரண்டு மணி நேரம்தான் உயிர். டவர் பார்க்க நீதிபதியின் கையெழுத்துக்குக் காத்திருக்கச் சொல்கிறீர்களா? மாலை 6 மணிக்கு மேல் எந்தக் கோர்ட் திறந்திருக்கும்?
*(வாசகர், நாங்குநேரி)*

உங்கள் கோபம் நியாயமானது. காணாமல் போன பிள்ளையை இரவோடிரவாக டவரை வைத்துக் கண்டுபிடித்துத் தாயின் கையில் ஒப்படைத்த காவலர்களை நானும் அறிவேன். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு நிமிடம்கூடக் குறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரச் சட்டம் இதை எப்படிப் பிரித்திருக்கிறது என்று பாருங்கள். அழைப்பு விவரம் கேட்கும் அவசரமில்லாத கோரிக்கைகள், காவல்துறைக்கு வெளியே உள்ள தனி அலுவலகத்துக்குப் போகின்றன. புலனாய்வு அதிகார ஆணையர் என்ற, நீதித் துறையிலிருந்து வரும் பதவியாளரின் பொறுப்பில் 2019 முதல் அது இயங்குகிறது. உயிர் ஆபத்து போன்ற அவசரத்தில் காவல்துறையின் மூத்த அதிகாரியே அனுமதிக்கலாம், அந்த அனுமதி 3 நாள் மட்டுமே செல்லும். பேச்சை ஒட்டுக்கேட்பதற்கு அமைச்சரின் கையெழுத்து, நீதித்துறை ஆணையரின் கையெழுத்து என இரண்டு பூட்டுகள். அங்கும் அவசரமென்றால் முதல் பூட்டு மட்டும் போதும், ஆனால் 3 வேலை நாளுக்குள் ஆணையர் அதைப் பார்த்தாக வேண்டும், அவர் மறுத்தால் ஒட்டுக்கேட்பது நின்றுவிடும். பிள்ளை காணாமல் போன இரவில் நீங்கள் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ, வெளியாள் ஒருவர் உங்கள் குறிப்பேட்டைப் பார்த்து, சரியாகச் செய்தீர்கள் என்று கையெழுத்திடுவார். நல்ல அதிகாரிக்கு அந்தக் கையெழுத்து ஒரு காப்பு. மேலிடத்திலிருந்து யாரோ ஒருவர், தன் சொந்தப் பகைக்காகவோ குடும்பச் சண்டைக்காகவோ, ‘இந்த நம்பருக்கும் சேர்த்து ஒரு பட்டியல் எடுத்துக் கொடு’ என்று வாய்மொழியாகச் சொல்லும்போது, ‘ஐயா, வெளியே கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது’ என்று மறுப்பதற்கு உங்களைப் போன்ற உதவி ஆய்வாளருக்கு ஒரு பிடி கிடைக்கும். இப்போது அவருக்கு அந்தப் பிடி இல்லை.

வெளியாள் என்றால் எவ்வளவு வெளியே என்பதற்கு எஸ்டோனியா நாட்டு வழக்கு ஒன்று இருக்கிறது. 3 முதல் 40 யூரோ வரை மதிப்புள்ள பொருள்களையும் பணத்தையும் திருடிய ஒரு பெண்ணின் அழைப்பு, இருப்பிட விவரங்களை அரசு வழக்குரைஞரின் அனுமதியோடு காவல்துறை எடுத்தது. புலனாய்வை வழிநடத்தி, பிறகு வழக்கையும் நடத்தும் அதே தரப்பு அனுமதி வழங்கும் நடுவராக இருக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021 மார்ச்சில் சொன்னது. இப்படிப்பட்ட விவரங்கள் கடுங்குற்றங்களுக்கே உரியவை என்றும் சொன்னது. அங்கே அனுமதித்தவர் காவல்துறையைச் சேர்ந்தவர்கூட இல்லை. அதுவே போதாது என்றார்கள்.

தப்பு செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்? என் போனை யார் பார்த்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.
*(பலசரக்கு வியாபாரி, வள்ளியூர்)*

அண்ணாச்சி, தப்பு செய்யாத ஒருவரின் கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த வழக்கு இது. நான்குவழிச் சாலையை ஒட்டிய ஓரிடத்தில் இரவில் டிரான்ஸ்பார்மரிலிருந்து செம்புக் கம்பி திருடு போனது. அந்த நேரத்தில் அந்த டவரில் பதிவான எல்லா எண்களையும் மொத்தமாக எடுத்தார்கள். டவர் டம்ப் என்று சொல்வார்கள். அதில் வந்த நூற்றுக்கணக்கான எண்களில், முன்பு ஒரு பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்த லாரி கிளீனர் ஒருவரின் எண்ணும் இருந்தது. அவ்வளவுதான் காரணம். 11 நாள் அந்தப் பையன் உள்ளே இருந்தான். அவனுடைய தாய் பட்டியலின் நகலைச் சேலை முந்தானையில் சுற்றி என் அலுவலகத்துக்கு எடுத்து வந்தார். அவன் எண் உள்ள வரிசைக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. அதைப் படித்தேன். அழைப்பு 250 விநாடி நீண்டிருந்தது. தொடங்கிய டவர் திருட்டு நடந்த இடத்தினுடையது. முடிந்த டவரோ ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. நான்கு நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் போனவன் கம்பத்தில் ஏறிக் கம்பி அறுத்துக்கொண்டிருக்க முடியாது. அவன் லாரியில் போய்க்கொண்டிருந்தான். தன் தாயிடம்தான் பேசிக்கொண்டிருந்தான்.

சிவப்புக் கோடு போட்டவர் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவரைக் கேட்க யாரும் இல்லை. ‘இத்தனை நூறு பேரின் விவரம் எதற்கு, இந்த ஒருவரை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்’ என்று முன்னதாகவே கேட்கும் ஒருவர் இருந்திருந்தால், அந்தக் கட்டம் 11 நாள் முன்பே கண்ணில் பட்டிருக்கும். இங்கிலாந்தின் ஆணையர் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் இத்தகைய பிழைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. எண்ணைத் தவறாக எழுதியதால் குற்றமற்றவர்களின் வீட்டைப் போலீஸ் சோதனையிட்ட நிகழ்வுகள்கூட அந்த அறிக்கைகளில் அச்சாகியிருக்கின்றன. அந்த நாட்டுப் போலீசும் தவறு செய்கிறது. ஆனால் தவறு எண்ணப்படுகிறது, அச்சில் வருகிறது, அடுத்த ஆண்டு குறைந்ததா என்று பார்க்கப்படுகிறது. நம் நாட்டில் ஆண்டுக்கு எத்தனை அழைப்பு விவரப் பட்டியல்கள் பெறப்பட்டன என்ற கணக்கைப் பொதுமக்கள் முன் வைக்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

உங்களுக்கு ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் பட்டியலில் உங்கள் விவரம் மட்டுமா இருக்கிறது? உங்களிடம் கடன் வாங்கியவர், மகளின் வரன் பற்றிப் பேசியவர், கணவரின் அடி தாங்காமல் உங்கள் மனைவியிடம் யோசனை கேட்ட பக்கத்து வீட்டுப் பெண் என எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்பென்டர் என்பவரின் வழக்கில் காவல்துறை 127 நாளுக்கு எடுத்த டவர் விவரத்தில் 12,898 இடக்குறிப்புகள் இருந்தன, நாளொன்றுக்கு நூறுக்கு மேல். கொள்ளை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானவர் அவர். ஆனாலும், இதை எடுக்க நீதிபதியின் ஆணை தேவை என்று 2018 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் சொன்னது.

என் விவரம் எடுக்கப்பட்டதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?
*(வாசகர், இடிந்தகரை)*

கேட்கலாம், ஆனால் கிடைப்பது அரிது. பாதுகாப்பு, புலனாய்வுக்கு இடையூறு ஆகிய காரணங்களைச் சொல்லி 8(1) பிரிவின்கீழ் மறுத்துவிடுவார்கள். உளவுத்துறை போன்ற அமைப்புகளை 24ஆம் பிரிவு ஏறக்குறைய முழுமையாகவே விலக்கி வைத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 17(2) பிரிவு சொல்கிறது.

தூத்துக்குடியில் 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்ததை அடுத்து, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையம் முடக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதை நாம் எல்லோரும் அறிந்தோம், ஏனென்றால் போன் திரையில் தெரிந்தது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கேட்கவும் முடிந்தது. அத்தகைய முடக்க உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரியில், அனுராதா பாசின் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒட்டுக்கேட்பதும் பட்டியல் எடுப்பதும் அப்படித் திரையில் தெரிவதில்லை. ஆகவே, வேலை முடிந்த பின் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிப்பது மிகத் தேவையானது. தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், பின்னர்த் தெரிவிக்க வழிசெய்யாத தன் நாட்டுச் சட்டம் செல்லாதென்று கூறி, கண்காணிப்பு முடிந்த 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இடைக்கால ஏற்பாடும் செய்தது. புலனாய்வு கெடும் என்றால் நீதிபதியிடம் கூடுதல் அவகாசம் கேட்டுப் பெறலாம். நமக்கும் இதுவே வேண்டும் என்று நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு நான் எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். அழைப்பு விவரத்துக்கு நீதிபதியின் முன் அனுமதி, அவசரத்தில் எடுத்தால் மூன்று நாளில் சரிபார்ப்பு, ஆண்டுதோறும் எண்ணிக்கை, முடிந்த பின் அறிவிப்பு ஆகிய நான்கையும் எழுதினால் போதும், நீண்ட கடிதம் தேவையில்லை.

இப்போதைக்குக் கையில் உள்ள வழிகளையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விவரம் தவறாக எடுக்கப்பட்டது என்பதற்கு ஏதேனும் அடையாளம் கிடைத்தால், உதாரணமாக நீங்கள் யாரிடம் எப்போது பேசினீர்கள் என்பதை அறிய வாய்ப்பே இல்லாத ஒருவர் அதை உங்களிடம் சொன்னால், தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். எஸ்.பி.க்கோ ஆணையருக்கோ எழுத்துமூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின்கீழ் மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி தீர்ப்பே அந்த மனுவுக்கு அடித்தளம்.

வழக்கொன்றில் உங்களுக்கு எதிராக அழைப்பு விவரப் பட்டியல் வைக்கப்பட்டால், முதலில் அதன் முழுப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அவர்கள் கோடு போட்ட பக்கம் மட்டும் போதாது, முன்னும் பின்னும் உள்ள பக்கங்களும் வேண்டும். கூடவே, பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்குத் தர வேண்டிய சான்றிதழ் இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் உங்கள் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.